கையுறைக்குள் காப்பு

நனைந்த மஞ்சளுக்கும் காய்ந்த மஞ்சளுக்கும் வாசனையில் உறவே கிடையாது. காய்ந்தது சமையலறையைச் சேர்ந்தது, சாதுவானது. நனைந்தது வேறு. அதில் மண் இருக்கும், இரும்பு இருக்கும், எனக்கு மட்டும் கொஞ்சம் காய்ச்சலும் இருக்கும்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் மழைக்கு ஒதுங்கி ஒரு பூக்கடை வாசலில் நின்றேன். ஆடி மாதம். காப்புக் கயிறுகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கயிற்றின் நடுவிலும் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. சாரல் பட்டு, மஞ்சள் நீர் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. “என்னா அக்கா, பூ வாங்க வந்தீங்களா, மழைக்கு நிக்கிறீங்களா?” என்று கடைக்காரப் பெண் கேட்டாள். அதற்குள் என் புறங்கை தானாகப் போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

சூடு இருக்கிறதா என்று.

அப்போது நாங்கள் கிள்ளானில், மேருவுக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தோம். அம்மா, லோரி ஓட்டும் அப்பா, நான், கல்யாணமாகாத சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. அமெரிக்கர்கள் நடத்திய மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. வரிசையாக நகர்ந்து வரும் தகடுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, பழுதானதை மட்டும் விரலால் விலக்கவேண்டும். பார்த்ததும் கை போய்விடும் அவளுக்கு. மேசையிலிருந்து உருளும் தக்காளி தரையைத் தொட்டதாக எங்கள் வீட்டில் சரித்திரமே இல்லை.

அந்தக் கையைக் கண்டுபிடித்தது மேடம். மேலாளரின் மனைவி, நெட்டையானவள், வெயிலில் மூக்கு உரிந்து எப்போதும் சிவந்தே இருக்கும். தன் நாட்டில் பந்து விளையாடியவளாம். அவளுடைய ஊரில் பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணியைத் தொடங்கினார்களாம்; நீலச் சட்டை, நெஞ்சில் ஒரு வெள்ளை நாரை. அணி அதிக காலம் நிலைக்கவில்லை. ஒருநாள் பயிற்சிக்குப் போனபோது திடலின் கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான் என்று சித்தியிடம் சொல்லியிருந்தாள். விளையாட ஆளில்லாமல் போன அந்தச் சட்டைகளை ஒரு பெட்டியில் போட்டுக் கடல் தாண்டிக் கிள்ளானுக்குக் கொண்டு வந்திருந்தாள்.

“ஏன், அவங்க ஊர்ல பழைய துணிய தரை தொடைக்க வச்சுக்க மாட்டாங்களா?” என்றாள் அம்மா.

அந்தச் சட்டைகளுக்குள் எங்கள் பெண்கள் நுழைந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் தொழிற்சாலைக்காரிகள். அமெரிக்க உடம்புக்குத் தைத்த சட்டை அவர்களுக்கு முட்டிவரை தொங்கியது. வேலை முடிந்த கையோடு, தலையில் இன்னும் தொழிற்சாலைத் தொப்பியின் அச்சு மாறாமல், லோரிகள் நிறுத்தும் மைதானத்தில் ஓடினார்கள். சித்திக்குக் கோல் காவல். வெள்ளைக் கையுறை ஒரு சோடி கிடைத்தது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

“கோல்கீப்பர் வந்தாச்சு. கொழம்புச் சட்டியத் தூக்கிப் போடு, புடிக்கிறாளான்னு பாப்போம்” என்பார் அப்பா. சித்தி வாய்விட்டுச் சிரிப்பாள். அதுவே புதிது. அதற்கு முன்பு அவள் சிரிக்கும்போது கை வாயை மூடிக்கொள்ளும். இப்போது கைக்கு வேறு வேலை வந்துவிட்டது. முழங்காலில் பிளாஸ்திரி, நகத்தில் மண், வீட்டுக்குள் நடந்தால் நடப்பது கேட்டது. அதுவரை அவள் எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் வாழ்ந்திருக்கிறாள் என்பதே அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் எல்லாம் ஒரே ஒரு ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில் இறுதிவரை வந்துவிட்டார்கள். கிண்ணத்தை வென்றால் அடுத்த ஆண்டும் அணி இருக்கும், பஸ் வரும், மைதானம் கிடைக்கும். தோற்றால் நாரைகள் மறுபடி பெட்டிக்குள் போகவேண்டியதுதான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்ன நாளில் மேடத்தின் மூக்கு மட்டுமல்ல, கண்ணும் சிவந்திருந்ததாகச் சித்தி சொன்னாள்.

இதற்கு நடுவில்தான் என் காய்ச்சல் குறுக்கே நிற்கிறது.

அந்த வருடத் தொடக்கத்தில் எனக்கு டெங்கி. ஆஸ்பத்திரியில் கிடந்தேன், கூரையில் சுற்றிய காற்றாடியைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சித்திதான் சன்னலோரம் நின்று, பிள்ளை பிழைத்தால் ஆடிக்குக் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். நான் பிழைத்தேன். ஆடி வந்தது. கோயிலில் பூசாரி அவளுடைய இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். இனி பால்குடம் எடுத்து முடிந்ததும் அவரே அவிழ்க்கும்வரை அது கையில் இருக்கவேண்டும். பால்குடம் வெள்ளிக்கிழமை. இறுதி ஆட்டம் அதற்கு முந்தைய ஞாயிறு.

வீட்டில் பெரிய கவலை வந்தது. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஆட்டமோ காப்பாரில். கிள்ளானுக்கு எல்லை எது? ஆற்றுப் பாலமா, இரயில் தண்டவாளமா? அம்மா இரண்டு நாள் குழம்பிவிட்டுப் பூசாரியிடமே போய்க் கேட்டாள். அவர் கண்ணை மூடி யோசித்தார். “டோல் கட்டாம போற எடம்னா எல்லைக்குள்ளதான் லா” என்று தீர்ப்புச் சொன்னார். அம்மனின் எல்லையை நெடுஞ்சாலைக்காரர்கள் காவல் காக்கிறார்கள் என்பதில் எங்கள் யாருக்கும் ஆச்சரியமில்லை, நிம்மதிதான். காப்பாருக்கு டோல் கிடையாது. எல்லையைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள், கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. கயிறு கட்டிய கையோடு பந்தாட விடுவார்களா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் சித்தி கிளம்பும்போது அம்மா அவளை அடுப்படிக்குள் இழுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

“இங்க பாருடி. கையில கட்டியிருக்கிறது கயிறு இல்ல. புள்ளையோட உசுரு. அறுந்துச்சுன்னா, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

“தெரியும்கா.”

எனக்கு அதுவரை தெரியாது. சப்பாத்துக் கயிற்றை நான் ரொம்ப மெதுவாக, ரொம்ப இறுக்கமாகக் கட்டினேன்.

காப்பார் மைதானத்திலிருந்து பார்த்தால் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். சிவப்பும் வெள்ளையும் பட்டைபோட்ட அந்த உயரத்துக்குப் பின்னால் கடல் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. எதிரணி மேருவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலைப் பெண்கள். கையுறைக்காரிகளை எதிர்த்து, கையுறைக்குள் ஒளித்த கயிற்றோடு சித்தி நின்றாள்.

நடுவர் ஒரு மலாய் ஆசிரியர். எல்லாரும் ‘சிக்கு’ என்று மரியாதையாக அழைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் வரிசையில் நிறுத்திச் சோதித்தார். தோடு, வளையல், சங்கிலி எதுவும் ஆகாது. மூக்குத்தியைக் கழற்றிவிட்டு, துளை தூர்ந்து போகாமலிருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தவர்களை அவர் குழப்பத்தோடு பார்த்துவிட்டு நகர்ந்தார். சித்தியின் முன் வந்தார். காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். கையுறையைக் கழற்றச் சொல்லவில்லை. நான் கோல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் தாண்டிப் போனதும் சித்தி வரிசையிலிருந்து திரும்பி எனக்குக் கண்ணடித்தாள். எனக்குத் திருப்பிக் கண்ணடிக்க வரவில்லை.

அன்றைக்கு நான் பந்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத்தான் பார்த்தேன். அவள் பாய்ந்தால் நான் வலையைப் பிடித்துக்கொண்டேன். பந்தைக் குத்தித் தள்ளினால் என் எலும்புக்குள் ஏதோ அறுந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்: சூடு இல்லை. மறுபடி பந்து, மறுபடி நெற்றி. நடுவில் எங்கோ தூரத்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. எல்லாரும் கத்தினார்கள். மேடம் சேற்றில் குதித்தாள். நான் கத்தவில்லை, கத்தினால் உடம்பு சூடாகிவிடும்.

இரண்டாம் பாதியில் மழை கொட்டியது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. சேறும் நீலமும் ஒன்றாகி யார் யாரென்று தெரியாமல் ஓடினார்கள். சித்தியின் வெள்ளைக் கையுறையில், மணிக்கட்டைச் சுற்றி, மெல்ல ஒரு மஞ்சள் வளையம் கசிந்தது. அந்த வாசனை வலை தாண்டி என்னிடம் வந்தது. நனைந்த மஞ்சள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. கோலுக்கு வெகு அருகில் மேரு அணியின் முன்னாட்டக்காரி பந்தோடு வந்தாள், சித்தி குறுக்கே விழுந்தாள், இருவரும் உருண்டார்கள். விசில். எழுந்தபோது அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கீறல், அதில் ரத்தம். சித்தியின் கையுறை பாதி நழுவி, கயிறு வெளியே தெரிந்தது. அறுபடவில்லை. அதை மட்டும் நான் பார்த்துவிட்டேன்.

“கையில என்னாடி வச்சிருக்க? பிளேடா?” என்று அந்தப் பெண் கத்தினாள். அவளும் தமிழ்தான்.

“மஞ்சக் கெழங்குடி!” என்றாள் சித்தி.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “ஐயய்யோ, காப்பா?” என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தைத் துடைத்துவிட்டு நடுவரிடம் அவளே ஓடி, தனக்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள் என்று மலாயில் கெஞ்ச ஆரம்பித்தாள். அடிபட்டவளே வக்கீலாகிவிட்டாள். எங்கள் அணியில் சித்திக்கு முன்னால் நிற்கும் காக் ரோஸ், எல்லாருக்கும் ரோஸ் அக்கா, மலாய்க்காரி, பிளாஸ்திரி உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து, சுற்றி ஒட்டிவிடலாம் சிக்கு என்றாள்.

நடுவர் கெட்டவர் இல்லை. கயிறு என்னவென்று அவருக்கும் தெரிந்திருந்தது. கிள்ளானில் யாருக்குத் தெரியாது? ஆனால் ரத்தத்தை அவர் பார்த்துவிட்டார். தலையை ஆட்டினார். மெதுவாகத்தான் சொன்னார்: “புக்கா.” அவிழ்க்கவேண்டும், இல்லாவிட்டால் வெளியே போகவேண்டும். விழுந்த இடம் கோல் வட்டாரத்துக்குள் என்பதால் மேருவுக்கு ஒரு பெனால்டியும் கொடுத்தார்.

சித்தியைவிட்டால் எங்களுக்குக் கோல்கீப்பர் இல்லை.

மேடம் மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். மழையில் முடி முகத்தில் ஒட்டியிருந்தது. இது என்ன என்று கேட்டாள். சித்தி தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில் சொன்னாள்: அக்கா மகள், ஆஸ்பத்திரி, சாகக் கிடந்தாள், சாமிக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லிக்கொண்டே மோவாயால் என்னைக் காட்டினாள். மேடம் என்னைப் பார்த்தாள். சித்தியின் நெஞ்சில் சேறு அப்பியிருந்த நாரையைப் பார்த்தாள். வெட்டு என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோலைத் திருப்பி, கைப்பிடிப் பக்கமாக நீட்டினாள்.

சித்தி வாங்கினாள்.

கத்தரியின் கீழ் அலகை அவள் கயிற்றுக்கு அடியில் நுழைத்தாள். நுழைத்துவிட்டு, வலைக்குப் பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் யாரையாவது பார்க்கத்தானே வேண்டும்.

நான் அந்த நேரத்தில் மிகப் பெரிய மனுஷியாக இருந்தேன். எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். காய்ச்சல் வரும். கூரையில் காற்றாடி சுற்றும். நான் செத்துப்போவேன். அம்மா அழுவாள், அப்பா லோரியை எடுக்கமாட்டார். ஆனால் சித்தி பெனால்டியைப் பிடித்துவிடுவாள். அடுத்த வருடமும் பஸ் வரும், வாய்விட்டுச் சிரிப்பாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். புரியாமல் போய்விடக்கூடாதே என்று வலையைப் பிடித்துக்கொண்டு சொல்லவும் செய்தேன்:

“வெட்டு சித்தி. பரவால்ல. நான் செத்துக்கிறேன்.”

சித்தியின் முகத்தை இன்றைக்கும் எனக்கு எழுதத் தெரியவில்லை. மழையில் எல்லா முகமும் அழுகிற மாதிரிதான் இருக்கும்.

“யாரு சொன்னா உனக்கு?”

“அம்மா.”

அவள் கத்தரியை உருவினாள். கயிறு அப்படியே இருந்தது. மேடத்திடம் திருப்பிக் கொடுத்தாள், அவளும் கைப்பிடிப் பக்கமாகத்தான். கையுறைகளைக் கழற்றிக் காக் ரோஸின் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு கோட்டைத் தாண்டி நடந்தாள். ஒரு தடவைகூட திரும்பாமல், மைதானத்தைச் சுற்றி, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

காக் ரோஸ் தவறான பக்கம் பாய்ந்தாள். அந்தக் கீறல் விழுந்த பெண்தான் அடித்தாள். கோல் போட்டுவிட்டு அவள் கொண்டாடவே இல்லை. அதன் பிறகு இன்னொன்று, சேற்றில் வழுக்கி, யாருடைய காலிலோ பட்டு, தூங்குகிற மாதிரி உள்ளே போனது. அவ்வளவுதான். நாரை அணி அங்கே முடிந்தது.

எனக்கு அழுகை வந்தது, தோற்றதற்காக இல்லை. அவ்வளவு பெரிய பொருளை நான் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. சரி என்று சொன்ன பிறகும் எதற்காக நிறுத்தினாள்? அம்மாவுக்குப் பயந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீடு வரும்வரை அவளும் விடவில்லை, நானும் திரும்பவில்லை. இறங்கும்போது பார்த்தேன், என் கவுனின் ஓரமெல்லாம் மஞ்சள்.

வீட்டில் அம்மா முதலில் மணிக்கட்டைப் பார்த்தாள். “இருக்கு” என்று மூச்சு விட்டாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அப்பா மட்டும் “என்னா ஆச்சு, ஜெயிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு, சித்தியின் முகத்தைக் கண்டு, டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

வெள்ளிக்கிழமை சித்தி பால்குடம் எடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்தக் கை அப்படி. பூசாரி காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அடுத்த ஞாயிறு பஸ் வரவில்லை. மைதானத்தில் மறுபடி லோரிகள் நின்றன. சித்தி வீட்டுக்குள் நடக்கும் சத்தம் எந்த நாளிலிருந்து மறுபடி கேட்காமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் மேடத்தின் கணவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஊருக்குத் திரும்புகிறார்கள். போவதற்கு முன் மேடம் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். இஞ்சினை நிறுத்தவில்லை. சித்தி ஒன்றாம் எண் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வைத்திருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். மேடம் அதை வாங்கிப் பார்த்தாள். அவள் நாட்டில் யாரும் அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கமாட்டார்கள். நாரை அட்டையில் ஒட்டிய மாதிரி விறைப்பாக நின்றது. சிரித்தாள். திருப்பிச் சித்தியின் கையிலேயே வைத்து, கையை மூடினாள். பூட்டிய கதவைப் பற்றியோ கத்தரிக்கோலைப் பற்றியோ இருவரும் பேசவில்லை. அதுவும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெரியவர்கள் முக்கியமானதைப் பேசவே மாட்டார்கள்.

நான் வாசல் கேட்டுக்குப் பின்னால் நின்றேன். சித்தியோடு எனக்கு இன்னும் முழுசாக ராசியாகவில்லை. காருக்குப் போகத் திரும்பிய மேடம், என்னைக் கண்டு நின்றாள். அருகில் வந்து அந்த நெட்டை உடம்பை மடித்துக் குனிந்தாள். டாட்டா சொல்லப்போகிறாள், அல்லது கன்னத்தில் முத்தம் கொடுப்பாள், அமெரிக்கர்கள் அப்படித்தானே என்று பயந்து நின்றேன். அவள் எதுவும் செய்யவில்லை. புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். வைத்து, எடுக்காமல், ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து போய் எத்தனையோ மாதமாகிவிட்டது. இப்போது எதற்குப் பார்க்கிறாள் இந்தப் பொம்பளை? இவ்வளவு நேரமா எடுக்கும், சூடு இருக்கிறதா இல்லையா என்று தெரிய? நெளிந்தேன். அவள் கையை எடுக்கவில்லை. என் தலைக்கு மேலாகச் சித்தியைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தால், சித்தி அந்தக் கஞ்சிச் சட்டையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, ஏதோ பரீட்சை முடிவுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

“நோ ஃபீவர்” என்றாள் மேடம்.

“நோ ஃபீவர், மேடம்” என்றாள் சித்தி.